ஏணி இல்லாத லீக்

(ஒரகடம் அருகே ஒரு சேரித் திடலில், ஏப்ரல் 14 கால்பந்துப் போட்டிக்கான ஆயத்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரா வந்திருக்கீங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் போட்டிக் குழுவின் கையில் ஒரு தாள் இருக்கிறது. இந்தப் பகுதிக் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட் ஆள் அனுப்புகிற ஒருவர் கொடுத்த தாள். கோப்பை, சட்டை, பந்து, மைக்செட், சாப்பாடு எல்லாம் அவர் செலவு. யூடியூபில் நேரலையாகக் காட்டுவதும் அவர் ஆட்கள்தான். பதிலுக்கு அவர் கேட்பது என்ன? எட்டு டீம் மட்டும் ஆட வேண்டும். அந்த எட்டும் எது எது என்று அவர் சொல்வார். மூன்று வருஷத்துக்குப் புது டீம் எதுவும் உள்ளே வரக்கூடாது. படம் பிடிக்கிற உரிமை முழுக்க அவருக்கு. போன வருஷம் நம்ம திடல்ல ஆடினது இருபத்திரண்டு டீம். பொம்பளப் பிள்ளைங்க இரண்டு டீம் கட்டி ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினாங்க. அவங்களைப் பத்தி இந்தத் தாள்ல ஒரு வரி கிடையாது.

"நல்ல ஆஃபர்தானேண்ணே, வசூலுக்கு வீடு வீடா அலைய வேணாமே" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி, அவனைக் கோபித்துக்கொள்ள முடியாது. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் 2010-ல் இதே கேள்வியைத்தான் தனக்குத் தானே கேட்டுக்கொண்டது. அதற்கு அது சொல்லிக்கொண்ட பதில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டு இந்தத் தாளுக்குத் திரும்பி வரலாம்.

2010-ல் சம்மேளனத்தின் நிலைமை பரிதாபம். ஜீ தொலைக்காட்சிக் குழுமத்தோடு போட்டிருந்த ஒளிபரப்பு ஒப்பந்தம் பாதியிலேயே முறிந்துவிட்டது. ஐ-லீக் நடத்தப் பணம் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 15 ஆண்டு, 700 கோடி ரூபாய். அதற்கு ஈடாக இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் மொத்தமும் எழுதிக் கொடுக்கப்பட்டன. ஒளிபரப்பு, விளம்பரம், சட்டையில் பெயர், புதிதாக ஒரு லீக் தொடங்கும் உரிமை உட்பட. கால்பந்தை விற்கவில்லை, கால்பந்தின் படத்தைத்தான் விற்றோம் என்று அன்று நினைத்திருப்பார்கள். படத்தை வாங்கினவன் சும்மா இருப்பானா? எந்த டீம் ஆடினா படம் ஓடும், எந்த ஊர்ல ஆடினா படம் ஓடும், எந்த மாசத்துல ஆடினா ஓடும்னு அவன்தான் முடிவு பண்ணுவான். அப்படியே நடந்தது.

2014 அக்டோபரில் ஐஎஸ்எல் வந்தது. எட்டு அணிகள். அந்த எட்டும் எந்த லீக்கிலும் ஜெயித்து வந்தவை அல்ல. ஏலம் கேட்டு, கட்டணம் கட்டி உள்ளே வந்தவை. சினிமாக்காரர்களும் கிரிக்கெட்காரர்களும் முதலாளிகளும் பங்குதாரர்கள். ஐ-லீக் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், அப்புறம் ஒன்று மேலே, ஒன்று கீழே. 2018 டிசம்பரில், மீதமிருந்த ஐ-லீக் ஆட்டங்களில் பலவற்றைத் தொலைக்காட்சியில் காட்டப்போவதில்லை என்றார்கள். கிளப்புகள் கத்திப் பார்த்தன. முதலில் உன்னைக் காட்ட மாட்டேன் என்பார்கள். பிறகு உன்னை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். சேரிக்கு ரோடு போடாமலே, சேரிக்காரன் ஏன் ஊர்ப்பக்கம் வருவதில்லை என்று கேட்கிற அதே கேள்வி.

இப்போது கோயம்புத்தூருக்கு வாங்க. 2019 மார்ச் 9. நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்தது. ஐ-லீக் சாம்பியன். சென்னை சிட்டி 43 புள்ளி, நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை ஜெயித்தது அதுவே முதல் முறை. எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ் என்று நம்ம பையன்கள் அந்த அணியில் ஆடினார்கள். ஜெயித்ததற்கு என்ன கிடைத்தது? கோப்பை கிடைத்தது. ஆசியப் போட்டியில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம் கிடைத்தது. மேல் லீக்குக்குப் போகிற வழி மட்டும் கிடைக்கவில்லை. ஏனென்றால் வழியே கிடையாது. அதே ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூரில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள்: ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக், ஐ-லீக் இரண்டாவது, 2022-23 சாம்பியனுக்குத்தான் மேலே போகும் வாய்ப்பு. அதற்கு முன்னால் ஜெயித்தவன் ஜெயித்தது ஜெயித்ததுதான், இருக்கிற இடத்திலேயே இரு. கோகுலம் கேரளா 2021-லும் ஜெயித்தது, 2022-லும் ஜெயித்தது. இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சென்னை சிட்டியும் கீழ் லீக்கில் ஜெயித்து ஐ-லீக்குக்கு வந்த அணி இல்லை. விண்ணப்பம் போட்டு நேரடியாக உள்ளே விடப்பட்ட அணிதான். 2020-21 பருவத்துக்குப் பிறகு அது ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போனதற்கு ஐஎஸ்எல் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மார்ச் மாத சாயங்காலம் கோவையில் ஆடிய பையனுக்கு இதெல்லாம் எதற்கு? அவன் ஜெயிக்க வேண்டியதை ஜெயித்துவிட்டான்.

மோகன் பகான் கதை இன்னும் கொடுமை. 1889-ல் தொடங்கிய கிளப். 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை வெறுங்காலோடு ஆடி ஜெயித்ததாகப் பாடப்புத்தகத்தில் வருகிற கிளப். 2020-ல் ஐ-லீக் சாம்பியன். அந்தக் கிளப்பே மேல் லீக்குக்குள் நுழைய, ஆறு வயசு லீக்கில் இருந்த ஏடிகே என்கிற பிரான்சைஸோடு இணைந்து, பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அவங்ககிட்ட பணம் இருந்தது, ஆள் இருந்தது, இணைஞ்சாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு?

1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் மூக்நாயக் முதல் இதழை வெளியிட்டார். அதில் இந்து சமூகத்தை அவர் பல மாடிக் கோபுரமாகக் காட்டுகிறார். மாடிக்கு மாடி போகப் படிக்கட்டு வைக்காத கோபுரம். கீழ் மாடியில் பிறந்தவன் எவ்வளவு தகுதி உள்ளவனானாலும் அங்கேயேதான் சாக வேண்டும். மேல் மாடியில் பிறந்தவன் எவ்வளவு தகுதி கெட்டவனானாலும் கீழே இறங்க வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு ஐஎஸ்எல் பட்டியலைப் பாருங்கள். 2025 வரை அந்த லீக்கிலிருந்து ஒரு அணிகூடக் கீழே இறங்கவில்லை. கடைசி இடத்துக்கு வந்தாலும் அடுத்த வருஷம் அதே மாடி. 2024 வரை மேலே ஏறியது இரண்டே அணிகள், 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன். சாதி வேறு, லீக் வேறு, தெரியும். ஆனால் ஏணியை எடுத்துவிட்டுத் தகுதியைப் பற்றிப் பேசுகிற புத்தி ஒன்றுதான்.

ஆட்டத்தில் கோடு கிழிக்கிறவன் யார் என்பது இந்த நாட்டில் பழைய கேள்வி. பம்பாயில் வெள்ளைக்காரன் காலத்துக் கிரிக்கெட் மதவாரியாக நடந்தது. ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று நான்கு அணிகள், 1937-லிருந்து ஐந்து. இந்து அணிக்குப் பந்து வீச பல்வங்கர் பாலூ வேண்டும். சமார் சாதியில் பிறந்தவர், இடக்கைப் பந்து வீச்சாளர், 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். திடலில் இந்து. தேநீர் இடைவேளையில் தனியாக மண் குவளை. கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை இல்லை. தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் கிடைத்தது. அன்று கோட்டை மதம் கிழித்தது. இன்று தொலைக்காட்சி கிழிக்கிறது.

அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது. அங்கே கல்லூரிக் கால்பந்து என்று ஒன்று உண்டு. காலால் ஆடுவது இல்லை, முட்டை மாதிரிப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி மோதி ஓடுவது. பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு லீக், அதற்குக் 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். பசிபிக் கரைக் கல்லூரிகளுக்கு 1915-லிருந்து ஒரு லீக் இருந்தது. 2022-ல் பிக் டென் என்கிற இன்னொரு லீக் தொலைக்காட்சிக் கம்பெனிகளோடு ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணத்தைப் பார்த்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2024-ல் பசிபிக் லீக்கின் 12 கல்லூரிகளில் 10 வெளியேறிவிட்டன, மிஞ்சியது இரண்டு. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் இப்போது ஆடுவது அட்லாண்டிக் கரை லீக்கில்! கன்னியாகுமரிக் கல்லூரி காஷ்மீர் வட்டாரப் போட்டியில் ஆடுகிற மாதிரி. பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கிற மாதிரி பறக்கிறார்கள். பெரிய கல்லூரி அணிகளில் ஆடுகிற பையன்களில் ஏராளமானோர் கறுப்பர்கள். கோடிகள் புரண்ட அத்தனை காலமும், 'மாணவர்கள்' என்று சொல்லி அவர்களுக்குக் கல்லூரி நேரடியாகச் சம்பளம் தரக்கூடாது என்று விதி இருந்தது. நீதிமன்றம் ஏறி ஏறி 2025-ல்தான் அது உடைந்தது.

சரி, படம் யாருடையது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது, மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். 1993-ல் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட். வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பை டிடபிள்யூஐ என்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றது. தூர்தர்ஷன் எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து, அரசாங்கத்துக்கும் தனி உரிமை கிடையாது, தனியாருக்கும் கிடையாது என்பது அதன் சாரம். அரசின் ஏகபோகம் உடைந்தது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். பொதுச்சொத்து என்ற பாதியை மறந்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, அந்த டிடபிள்யூஐ என்பது ஐஎம்ஜி-யின் தொலைக்காட்சிப் பிரிவு. 2010-ல் கால்பந்தை வாங்கிய கூட்டில் இருந்ததே, அதே ஐஎம்ஜி.

கிரிக்கெட்டில் அந்தச் சொத்தின் விலை இப்போது என்ன? 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி. ஒரு பந்துக்கு 49 லட்சம். அதில் ஒரு சங்கதி நமக்கு முக்கியம். டிவி உரிமை 23,575 கோடி, டிஜிட்டல் உரிமை 23,758 கோடி. டிவியை போன் முந்திவிட்டது. அந்த போன் எங்கே செய்யப்படுகிறது? சுங்குவார்சத்திரத்தில். ஹாஸ்டலில் படுத்து எழுந்து, நின்றபடியே போன் பூட்டுகிற நம் தங்கச்சிகள் கையில். லைனுக்குள்ள போறப்ப அவங்க சொந்த போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்கறாங்க. ராத்திரி அறைக்கு வந்து அதே போனில் மேட்ச் பார்க்கும்போது, அவர்கள் கண்ணைத்தான் எண்ணி விற்கிறார்கள். நாம் உரிமை என்றால் கேட்டுப் பெறுவது என்று பொருள் வைத்திருக்கிறோம். அவர்கள் அகராதியில் உரிமை என்றால் விற்பது.

கபடிக்கு வருகிறேன். சடுகுடு நம்ம சேரி மண்ணில் வளர்ந்த ஆட்டம், யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. 2014-ல் புரோ கபடி வந்தது. 2015-ல் ஸ்டார் தொலைக்காட்சி அந்த லீக்கின் 74 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. காட்டுகிறவனே நடத்துகிறவன். ஆட்டம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் பெண்களுக்கு? 2016-ல் ஒரே ஒரு முறை மூன்று அணிகளை வைத்து நடத்திவிட்டு விட்டுவிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பிள்ளை இருந்தாள். சென்னைக் குடிசைகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்ப் போட்ட கண்ணகி நகர். ஊரே கொண்டாடியது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளை போய் ஆட ஒரு லீக் இல்லை. அதனால்தான் இந்தத் தாளில் நம் பெண்கள் டீம் இல்லாதது என் கண்ணில் முதலில் பட்டது.

பிரான்சைஸ் லீக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் போய் சென்னையின் எஃப்சி-யில் ஆடினார். குமரி மீனவ கிராமத்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் ஆடினார். அவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தைப் பழைய கிளப்புகள் கனவிலும் கொடுத்திருக்காது. அந்தச் சம்பளம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் முன்பு இன்னொன்று இருந்தது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரி, இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கில் அணிகள். 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. அந்த அணிக்கு ஆடுவது என்றால் வேலை என்று பொருள். என் பெரியப்பா மகன் அப்படித்தான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் சேர்ந்தான். எங்கள் வம்சத்தில் மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். முப்பது வயசில் முழங்கால் போனது, ஆட்டம் நின்றது. வேலை நிற்கவில்லை. அவன் பிள்ளைகள் படித்தது ஆட்டம் நின்ற பிறகு வந்த சம்பளத்தில்.

பிரான்சைஸ் லீக்கில் முழங்கால் போனால் ஒப்பந்தம் போச்சு. இது உங்களுக்குப் புதுசா? 2014 அக்டோபரில் ஐஎஸ்எல் தொடங்கியது. அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. வேலை போன பெண்களில் பலர் இந்தச் சுற்று வட்டாரம்தான். பத்து மாச டிரெய்னி, ஒரு வருஷ அப்ரண்டிஸ், அப்புறம் வேறு கேட், வேறு அடையாள அட்டை. நிரந்தரம் என்கிற படிக்கட்டு ஆலையிலும் இல்லை, ஆட்டத்திலும் இல்லை என்றால் நம் பையன் எதில் கால் வைத்து ஏறுவது? 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தது எதற்கு? எங்கள் சங்கத்தை ஒரு தரப்பாக ஏற்றுக்கொள் என்பதுதான் தலையான கோரிக்கை. அந்த 2010 கால்பந்து ஒப்பந்தத்தில் ஆடுகிறவர்கள் ஒரு தரப்பாக இருந்தார்களா? இல்லை.

அந்தப் பதினைந்து வருஷம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்கிறேன். 2025 ஜூலையில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஐஎஸ்எல்லை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் வேலைகளையே நிறுத்தியது. செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் சம்மேளனத்துக்குப் புது விதிமுறைகளை ஏற்றுக்கொண்டது. முதல் லீக் சம்மேளனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் இருக்க வேண்டும். அதாவது ஏணியை எழுத்தில் வைத்துவிட்டார்கள். அதன்படி வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள், ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி என்று. நவம்பரில் திறந்து பார்த்தால் ஒருவரும் கேட்கவில்லை. தொகை கட்டுப்படவில்லை, லாபம் இல்லை என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். இருக்கலாம். கட்டுப்பாடு தன் கையில் இல்லாத ஆட்டத்தை வாங்க யாருக்கும் மனசு வரவில்லை என்பதும் அதில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். டிசம்பரில் பழைய ஒப்பந்தம் காலாவதியானது. 2026 ஜனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரியில் சுருக்கமாக ஒரு தொடர் நடக்கும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் எத்தனை வீரனுக்கு எத்தனை மாதச் சம்பளம் தொங்கியது என்பதை அவரவர் வீட்டில் கேட்க வேண்டும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதை இந்தச் செங்கல்பட்டு மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார், 1892-ல் ஆணை வந்தது, நம் மக்களுக்கு நிலம் தரப்பட்டது. வேறு ஆளுக்கு விற்கக்கூடாது, விற்றால் செல்லாது என்று நிபந்தனையும் எழுதியிருந்தார்கள். நிலம் எங்கே? அதைக் கேட்டுத்தானே 1994 அக்டோபர் 10-ல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள். நிபந்தனையைக் காவல் காக்க ஆள் இல்லாத இடத்தில், எழுதிய நிபந்தனை வாங்குகிறவனுக்கு விலை குறைக்கத்தான் உதவியது.

இப்போது நம் தாளுக்கு வருவோம். என் கருத்து இது, முடிவு குழுவினுடையது. காண்ட்ராக்டர் பணத்தை வாங்கலாம், அது நம்ம ஆளுங்க உழைப்புல வந்த பணம்தான், கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும். டீமை நாம் எடுப்போம். இருபத்திரண்டு டீமும் முதல் சுற்று ஆடட்டும், ஜெயித்த எட்டைத்தான் அவர் ஆட்கள் படம் பிடிக்கட்டும். நம்ம பையன் எவனாவது போனில் எடுத்துப் போட்டால் அதைத் தடுக்கிற வரியை அடித்துவிடுங்கள். பெண்கள் இரண்டு டீமும் ஆடிக் காட்டுகிற டீம் இல்லை, போட்டியில் இருக்கிற டீம், அவர்களுக்கும் கோப்பை. அடிபட்டவனை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற செலவு யாருடையது என்று தாளில் எங்கேயும் இல்லை, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு நானும் வீடு வீடாக வருகிறேன்.

மூன்றாவது ஷிஃப்ட் போகிறவர்களுக்கு பஸ் வரும் நேரம் ஆகிறது. செயலாளர் தம்பி, அந்தத் தாளை முதலிலிருந்து ஒரு தடவை சத்தமாகப் படிங்க. எல்லாரும் கேட்கட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.